ராத்திரி சூடு

அந்த மே மாசம் 3 நாள்ல 11 எச்சிவேரியா செத்துப்போச்சு, ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கியிருக்கற சதைப்பத்துச் செடி அது.

கத்திரி வெயில் ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகிருந்துச்சு, மதுரையில தினமும் 39, 40ன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அது வரைக்கும் செடிக்கு ஒண்ணும் ஆகல. இலை கொஞ்சம் சுருங்கி, ஓரம் சிவந்து, தாங்கிக்கிட்டு தான் நின்னுச்சு. ஒரு நாள் சாயங்காலம் கோடை மழை. அரை மணி நேரம் வெளுத்து வாங்கிருச்சு. வீட்ல எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் நனைஞ்சோம், தொட்டியெல்லாம் நனையுதேன்னு எனக்கு அவ்ளோ சந்தோஷம், பாவம் இத்தனை நாள் காஞ்சு கெடந்துச்சே இன்னைக்காவது வயிறார குடிக்கட்டும்னு ஒரு தொட்டியைக்கூட நகத்தல. மறுநாள் அதே வெயில். மூணாம் நாள் காலையில போய்ப் பாத்தா அடி இலையெல்லாம் ஊறவச்ச ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியா இருக்கு, விரல் பட்டதும் கழண்டு விழுது. ஒரு செடியோட தலையைப் பிடிச்சு லேசாத் தூக்கினேன், தலை மட்டும் கையோட வந்துருச்சு, தண்டு உள்ள கறுப்பா, அழுகுன வெங்காய வாடை. ஒண்ணு ஒண்ணா தூக்கிப் பாத்துக்கிட்டே போனேன். 11 தொட்டி.

ஒவ்வொண்ணும் 90 ரூபா, 120 ரூபான்னு சேத்து சேத்து வாங்கினது. சிலது மலர்க் கண்காட்சியில வாங்கினது, சிலது மேற்கு வங்காள மலையூர் காலிம்பாங்ல இருந்து கூரியர்ல வேர் மட்டும் பேப்பர்ல சுத்தி வந்தது. பேர் எழுதி ஐஸ் குச்சி குத்தி வச்சிருந்தேன். அந்தக் குச்சியெல்லாம் கழுவி எடுத்து வைக்கும்போது தான் அழுகை வந்துச்சு.

அத்தை அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு மாடிக்கு வத்தல் எடுக்க வந்தப்ப தான் கேட்டாங்க, "ஏம்மா, நம்ம வாசல்ல கட்டித் தொங்குற கத்தாழைக்கு யாரு தண்ணி ஊத்துறா?"

எங்க அத்தை மானாமதுரைப் பக்கம் பொறந்து வளந்தவங்க. வாசப்படிக்கு மேல கண் திருஷ்டிக்கு ஒரு சோத்துக்கத்தாழையைத் தலைகீழா கட்டித் தொங்கவிட்டிருப்போம்ல, அது எங்க வீட்ல ரெண்டு வருஷமா தொங்குது. மண்ணு கிடையாது, தண்ணி கிடையாது, வேர் அந்தரத்துல. இலை மெலிஞ்சு போச்சே தவிர, நுனி மேல பாத்து வளைஞ்சு இன்னமும் பச்சையா தான் இருக்கு. தினமும் அது அடியில தான் நான் செருப்பு மாட்டுறேன், ஒரு நாள்கூட நிமிந்து பாத்து யோசிச்சதில்ல. வெயில் அதுக்கும் தான் அடிக்குது, மண்ணும் ஈரமும் மட்டும் தான் அதுக்கு இல்ல.

அப்ப தான் எனக்கு உறைச்சது, என் செடியைக் கொன்னது வெயில் இல்ல. வெயில் மட்டும் தான் காரணம்னா ரெண்டு வாரம் முன்னாடியே போயிருக்கணும்.

இதை நான் முழுசாப் புரிஞ்சுக்கிட்டது ஒரு ரணகள்ளி இலையை வச்சு. சின்ன வயசுல நோட்டுக்குள்ள மயிலிறகு வச்சா குட்டி போடும்னு நம்பி எத்தனை நாள் திறந்து திறந்து பாத்திருக்கோம், அது போடல. ஆனா ரணகள்ளி இலையை நோட்டுக்குள்ள வச்சா நெசமாவே ஓரத்துல ஒவ்வொரு வெட்டுலயும் குட்டிச் செடி முளைக்கும், வெள்ளை நூலு மாதிரி வேரோட. அந்த ரணகள்ளியும் நான் 120 ரூபா குடுத்து வாங்கின எச்சிவேரியாவும் ஒரே குடும்பம், கிராசுலேசியே. அந்தக் குடும்பத்தோட பெரிய ரகசியத்தை முதல்ல எழுதி வச்ச மனுஷன் நம்ம ஊர்ப்பக்கம் இருந்தவர். பெஞ்சமின் ஹெய்ன்னு பேரு, தரங்கம்பாடி மொராவியன் மிஷனுக்கு வந்து, அப்புறம் கிழக்கிந்திய கம்பெனிக்கு தாவரவியல் வேலை பாத்தவர். ரணகள்ளி இலையைக் கடிச்சுப் பாத்துட்டு, காலையில புளிப்பா இருக்கு, மத்தியானம் ருசியே இல்ல, சாயங்காலம் லேசா கசக்குதுன்னு எழுதினார். 1815-ல லண்டன் லின்னியன் சொசைட்டி வெளியீட்டுல அது அச்சுல வந்துச்சு.

நானும் கடிச்சுப் பாத்தேன். ஒரு மார்கழி விடியக்காலை 6 மணிக்கு ஓரத்துல ஒரு துளி கடிச்சு நாக்குல வச்சுட்டு துப்பிட்டேன் (முழுங்கக் கூடாது, ஆடு மாடு நிறையத் தின்னா விஷம் அது). புளிச்சங்கீரையை பச்சையாக் கடிச்ச மாதிரி சுர்ருன்னு புளிப்பு. அதே செடியில மதியம் 2 மணிக்கு இன்னொரு இலை, வெறும் தண்ணி மாதிரி சப்புன்னு இருந்துச்சு.

விஷயம் என்னன்னா, மத்த செடியெல்லாம் பகல்ல இலைத்துளையைத் திறந்து காத்து வாங்கும், அப்ப தண்ணி ஆவியாப் போகும். இந்தக் கூட்டம் பகல்ல துளையை மூடிக்கிட்டு ராத்திரி தான் திறக்கும். ராத்திரி வாங்கின கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமா மாத்தி இலைக்குள்ள சேத்து வச்சிக்கும், விடிஞ்சு வெளிச்சம் வந்ததும் துளையை மூடிட்டு அந்த அமிலத்தை உடைச்சு சாப்பாடு செய்யும். அதனால தான் காலையில புளிப்பு, மதியம் சப்புன்னு இருக்கு. பகல்ல சமைக்க ராத்திரியே சாமான் வாங்கி வைக்கிற வீடு மாதிரி. அப்ப அதுக்கு முக்கியமான நேரம் ராத்திரி. அந்த ராத்திரி கொஞ்சமாவது குளுகுளுன்னு இருந்தா தான் துளை நல்லாத் திறக்கும். எச்சிவேரியா பெரும்பாலும் மெக்சிகோ மலைப் பிரதேசத்துச் செடி. பகல்ல வெயில் சுள்ளுன்னு அடிச்சாலும் ராத்திரி ஸ்வெட்டர் போடுற குளிர் அங்க. மதுரையில மே மாசம் ராத்திரி 26, 27 டிகிரிக்குக் கீழ இறங்காத நாள் தான் அதிகம். துளை சரியாத் திறக்காது, திறக்காத செடி தண்ணி இழுக்காது, வளராம அப்படியே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு தூங்கும். தூங்குற செடியோட வேரைச் சுத்தி ஈரம் நின்னுச்சுன்னா, மண்ணும் வெந்நி மாதிரி சூடா இருந்துச்சுன்னா, பூஞ்சைக்கு அதைவிட நல்ல நேரம் இல்ல. அந்த கோடை மழை அன்னைக்கு நடந்தது இது தான்.

பெங்களூர்ல என் தங்கச்சி இருக்கா. என் செடியில இருந்து வந்த குட்டி ஒண்ணை அவளுக்குக் குடுத்திருந்தேன், அதே தாய்ச்செடி, அதே மண்ணுகூட. அவ பெரிசா ஒண்ணும் பாக்கல, பால்கனியில வச்சு ஞாபகம் வந்தப்ப தண்ணி ஊத்தினா, அவ்ளோ தான். இன்னைக்கு அது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கு. பெங்களூர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டர் உயரம், மே மாசத்துலயும் ராத்திரி 21, 22ன்னு இறங்கிரும். செடி வளக்க நம்ம பாக்குற வீடியோ பாதி கலிபோர்னியாவுல எடுத்தது, அங்கயும் ராத்திரி குளிரும். அவங்க சொல்றது அவங்க ஊருக்கு சரி தான், "நல்லா நனையற மாதிரி ஊத்து, காஞ்சப்புறம் மறுபடி ஊத்து"ன்னு சொல்றது. நம்ம ஊர்ல மே மாசத்துல அதை அப்படியே செஞ்சா செடி போயிரும்.

இனி தொட்டி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா நம்ம கையில இருக்கறது அது தான், ராத்திரியை நம்மால மாத்த முடியாது.

நர்சரியில இருந்து வர்ற செடி 10-க்கு 9 கோகோபீட்ல தான் வரும், தேங்கா நார்க்கழிவு. அங்க அவங்களுக்கு அது வசதி, வெயிட் கம்மி, தண்ணி பிடிச்சு வைக்கும். நம்ம வீட்டுக்கு வந்ததும் அது தான் எமன், வெளிய பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும், நடுவுல வேரைச் சுத்தி ஒரு உருண்டை ஈரமாவே கெடக்கும். நான் வாங்கின அன்னைக்கே தொட்டியை விட்டு எடுத்து, விரலால உதுத்து, பழைய டூத் பிரஷ்ஷால வேரை சுத்தம் பண்ணி, நிழல்ல ஒரு 3, 4 நாள் வெறுமனே போட்டு வச்சிருவேன். பாக்கறவங்களுக்கு பயமா இருக்கும், ஒண்ணும் ஆகாது, கத்தாழையை நெனச்சுக்கோங்க. ஒரு தடவை ஒரு செடியோட பூவு வாங்கினதுல இருந்து வாடவே இல்லயேன்னு பாத்தா, முள்ளு மேல பசை போட்டு காகிதப்பூ ஒட்டியிருந்தாங்க. அந்தப் பசையைப் பிச்சு எடுக்கறப்ப செடியோட தோலும் சேந்து வந்துச்சு. அந்தக் காயத்துல தான் அது அழுகிப் போச்சு. உயிருள்ள ஒண்ணு மேல இப்படிப் பண்ண எப்படி மனசு வருதுன்னு எனக்கு இன்னமும் ஆத்திரம் தான்.

அடியில ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் வருஷக்கணக்கா போட்டேன். அது தப்பு. நீங்களே வீட்ல பாக்கலாம், பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்சு புதுசா ஒண்ணு எடுத்து தண்ணியில முக்கி, படுக்கவச்ச மாதிரி உள்ளங்கையில வச்சிக்கோங்க. சொட்டு நிக்கிற வரைக்கும் காத்திருங்க. நின்னப்புறம் அதை அப்படியே நீளவாக்குல நிமித்துங்க, பொசுக்குன்னு இன்னும் தண்ணி வடியும். ஏன்னா எந்த மண்ணுலயும் அடியில ஒரு உயரத்துக்கு தண்ணி வடியாம தங்கிரும், அந்த உயரம் மண்ணோட துகள் அளவைப் பொறுத்தது, தொட்டி எவ்ளோ உயரம்ங்கிறதைப் பொறுத்தது இல்ல. ஜல்லி போட்டா அந்த ஈரப்பட்டை ஜல்லிக்கு மேல ஏறி வேர்கிட்ட வந்து நிக்கும், அவ்ளோ தான். அழகா இருக்கேன்னு தாம்பாளம் மாதிரி ஆழமில்லாத தொட்டியில நட்டா, தொட்டி முழுக்கவே அந்த ஈரப்பட்டை தான். அதனால மண்ணு முழுசுமே பொடிக்கல்லு மாதிரி பருவெட்டா இருக்கணும், அப்ப தான் அந்தப் பட்டை ஒரு விரக்கடைக்குள்ள அடங்கும்.

எங்க தெருவுல ஒரு பழைய வீட்டை இடிச்சாங்க, அந்தக் காலத்து நாட்டுச் செங்கல். மேஸ்திரிகிட்ட கேட்டு ரெண்டு சாக்கு எடுத்துக்கிட்டேன், சுண்ணாம்பு ஒட்டாத துண்டாப் பாத்து. சுத்தியலால உடைச்சு, மணல் சலிக்கிற சல்லடையில ஒரு தடவை, மாவு சல்லடையில ஒரு தடவை. பெருசும் வேண்டாம், தூளும் வேண்டாம், கொண்டக்கடலைக்கும் மிளகுக்கும் நடுவுல இருக்கற சைஸ் மட்டும். எம் சாண்ட் போடலாம், ஆனா அப்படியே போட்டா அதுல இருக்கற மாவு இறுகி சிமெண்ட் மாதிரி ஆகிரும், வாளியில போட்டு அரிசி களையிற மாதிரி 4, 5 தண்ணி அலசணும், தண்ணி தெளிஞ்சு வர்ற வரைக்கும். என் கணக்கு கொட்டாங்குச்சி அளவுல தான்: செங்கல் சில்லு 3, அலசின எம் சாண்ட் 2, செம்மண்ணு 1, மண்புழு உரம் முக்கால், அடுப்புக்கரி நொறுக்கினது ஒரு கைப்பிடி. அடியில ஓட்டைக்கு மேல ஒரு ஓட்டாஞ்சில்லு, மண்ணு வெளிய போகாம இருக்க, அவ்ளோ போதும். வெளிநாட்டுக்காரங்க பியூமிஸ் பியூமிஸ்னு ஒரு எரிமலைக் கல்லைச் சொல்றாங்க, அதைக் கிலோ கணக்குல காசு குடுத்து வாங்கறதுக்கு நம்ம ஊர் செங்கல் சில்லு எந்த விதத்துலயும் கொறச்சல் இல்ல, தண்ணியையும் கொஞ்சம் உறிஞ்சி வச்சிக்கும், காத்துக்கும் வழி விடும்.

தொட்டி மண்தொட்டி தான். இதுல நான் பிடிவாதம். பானைத் தண்ணி ஏன் ஜில்லுன்னு இருக்கு, சுவரு வழியா கசிஞ்சு ஆவியாப் போறதால தானே, அதே வேலை தான் மண்தொட்டியும் செய்யும், ஈரம் இருக்கற வரைக்கும் வேரைச் சூடு பிடிக்க விடாது. நர்சரி கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை மே மாசம் மதியம் 3 மணிக்கு மேற்குப் பக்கமா தொட்டுப் பாருங்க, இட்லிச் சட்டி மூடி மாதிரி சுடும். அப்படி ஒரு தொட்டியில இருந்த கலஞ்சோவை (ரணகள்ளி இனத்துச் செடி) மாத்தி நடறப்ப மண்ணோட உருண்டையா வெளிய எடுத்துப் பாத்தேன், கிழக்குப் பக்கம் வேரெல்லாம் வெள்ளையா புதுசா இருக்கு, மேற்குப் பக்கம் ஒரு வேரு இல்ல, பழுப்பு நூலு மாதிரி காஞ்சு கெடக்கு. ஒரே தொட்டி, ஒரு சாண் அகலம் கூட இல்ல. ஆனா ரொம்பச் சின்ன மண்தொட்டி, 3 இன்ச் மாதிரி, அது வேண்டாம், காலையில ஊத்தினா மதியத்துக்குள்ள வறண்டுரும், குட்டிச் செடிக்கு வெள்ளை பிளாஸ்டிக் கப்பே பரவால்ல. எங்களுக்கு மானாமதுரை பக்கம்ங்கறதால அத்தை ஊருக்குப் போறப்பெல்லாம் 5, 6 தொட்டி வந்துரும், ஓட்டை பெருசாப் போடச் சொல்லி வாங்கறது.

தொட்டியைத் தளத்து மேல நேரா வைக்காதீங்க, இது ரொம்ப முக்கியம். ரெண்டு செங்கல் வச்சு அதுக்கு மேல. தளம் பகல் முழுக்க சூட்டை வாங்கி வச்சிக்கிட்டு ராத்திரி பூரா கக்கும். ஒரு மே மாசம் 150 ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, ராத்திரி 10 மணிக்கு வீட்டைச் சுத்தி எல்லா இடத்துலயும் கொஞ்ச நேரம் வச்சு வச்சு பாத்தேன், அத்தை நான் பேயோட்டறேன்னு தான் நெனச்சிருப்பாங்க. மாடித் தளத்துல 33. கைப்பிடிச் சுவரு மேல 31. பின்னாடி கிணத்தடியில, துணி துவைக்கிற கல்லுக்கும் கருவேப்பிலை மரத்துக்கும் நடுவுல, 28. ஒரே வீடு, ஒரே நேரம், 5 டிகிரி வித்தியாசம்! இத்தனை வருஷமா எங்க நிழல் இருக்கு எங்க நிழல் இருக்குன்னு தேடினவ, ராத்திரி எங்க சூடு இறங்குதுன்னு தேடவே இல்ல.

தண்ணி. மாடியில கறுப்பு டேங்க் இருந்தா மதியம் குழாயைத் திறந்து நேரா செடிக்கு விட்டுராதீங்க, அது வெந்நி. நான் கோடையில ராத்திரி 8, 9 மணிக்கு மேல தான் ஊத்துவேன், வாளியில பிடிச்சு ஆறவச்சு. இலைக்குள்ள ஊத்தாம மண்ணுல மட்டும். எங்க போர் தண்ணி உப்பு, மண்தொட்டி வெளிப்பக்கம் வெள்ளையா பூத்து நிக்கும், அது வேருக்கும் ஆகாது. ஏசி சொட்டுத் தண்ணியை ஒரு குடத்துல பிடிச்சு வச்சிக்கறோம், அதுல உப்பே கிடையாது, சின்னச் செடிக்கெல்லாம் அது தான். ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளிய வர்ற கழிவுத் தண்ணியை மிச்சம் பிடிக்கறேன்னு செடிக்கு ஊத்தறாங்க நிறைய பேர், அதுல உப்பு இன்னும் அதிகம், அது வீடு துடைக்க போதும்.

எத்தனை நாளைக்கு ஒருக்கன்னு கேட்டா என்கிட்ட ஒரே பதில் இல்ல, செடிக்குச் செடி வேற. இதுல தான் எல்லாரும் ஏமாறுறோம், சதைப்பத்து இலை இருந்தா எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டுறோம். எங்க மாடியில அடினியம் (பாலைவன ரோஜா) இருக்கு, 14 தொட்டி. ஆப்பிரிக்கா சஹாரா ஓரத்துலயும் அரேபியாவுலயும் பொறந்த செடி, அதுக்கு ராத்திரி சூடு ஒரு பொருட்டே இல்ல, கத்திரி வெயில்ல தான் அது கொண்டாட்டமா வளரும். மே மாசம் அடினியத்துக்கு நான் தினமும் தண்ணி விடுறேன், ஆமா தினமும், மண்ணு நல்லா வடியிற மண்ணா இருந்தா. அதே மே மாசம் எச்சிவேரியாவுக்கு வாரத்துக்கு ஒரு ஸ்பூன். ஐப்பசி வந்துட்டா அடினியம் கதை மாறும், மழை தொடர்ந்து பிடிச்சா அடிக்கிழங்கை வாரம் ஒரு தடவை கட்டை விரலால அழுத்திப் பாக்கணும், பச்சைத் தேங்கா மாதிரி கெட்டியா இருந்தா சரி, பழுத்த தக்காளி மாதிரி அமுங்கினா அன்னைக்கே பிடுங்கி அழுகுனதை சுத்தமா வெட்டி மஞ்சத்தூள் தடவி தலைகீழா நிழல்ல தொங்கவிடணும். வெட்டறப்ப பால் கையில படாம பாத்துக்கோங்க, விஷப் பால், ஆப்பிரிக்காவுல அம்பு நுனியில தடவ வச்சிருந்த பால் அது.

அடினியம் காய் பாத்திருக்கீங்களா? ரெட்டைக் கொம்பு மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். வெடிக்கிறதுக்கு முன்னாடி நூலால சுத்திக் கட்டி வைக்கணும், இல்லாட்டி ஒரு காத்துல மொத்தமும் போயிரும். உள்ள விதை சீரகத்தைவிட நீளம், ரெண்டு முனையிலயும் பட்டு மாதிரி பஞ்சு. முதல் தடவை கட்டாம விட்டு, ஆடிக் காத்துல பறந்து போறதை நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், ஒவ்வொரு விதையும் ரெண்டு பஞ்சுலயும் சுத்தி சுத்திப் போச்சு. அடுத்த மாசம் பக்கத்து வீட்டு ஜன்னல் சன்ஷேட்ல ஒண்ணு முளைச்சிருந்துச்சு.

நம்ம ஊர் வெயிலுக்கு கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னா அடினியம், கிறிஸ்துமுள், கலஞ்சோ, மருள் வகை, அப்புறம் ஜேட். ஜேட்னு நம்ம நர்சரியில குடுக்கறது பெரும்பாலும் நெஜ ஜேட் இல்ல, போர்ச்சுலகாரியா, தென் ஆப்பிரிக்காவுல யானை விரும்பித் தின்கிற புதர். நல்லது தான், நெஜ ஜேட்டை விட அது தான் நம்ம ஊருக்குத் தாங்கும். ஹவோர்தியா, கேஸ்டீரியா ரெண்டும் கத்தாழைக்குச் சொந்தக்காரச் செடி, அதோட சொந்த ஊர்லயே புதருக்கு அடியில நிழல்ல வளர்றது, அதனால நேர் வெயில் வேண்டாம், கிழக்கு ஜன்னல் போதும். ரோஜா மாதிரி இலை அடுக்கு தான் வேணும்னு ஆசைப்பட்டா கிராப்டோபெட்டலம் வாங்குங்க, அதுவும் மெக்சிகோ தான், ஆனா எங்க வீட்ல 6 வருஷமா 50 சதவீத பச்சை நிழல் வலைக்கு அடியில உயிரோட இருக்கற ஒரே ரோஜா வடிவம் அது. ஒரு இலை விழுந்தாலும் விழுந்த இடத்துல குட்டி வைக்கும்.

லித்தாப்ஸ் கேட்டு நிறைய பேர் எழுதறாங்க, அந்தக் கூழாங்கல் மாதிரி செடி. 3 தடவை முயற்சி பண்ணேன், 3 தடவையும் ஐப்பசியைத் தாண்டல. இனி வாங்க மாட்டேன்.

மாவுப்பூச்சி பத்தி ஒரு வார்த்தை. எறும்பு தொட்டியில ஏறி இறங்குதுன்னா இலை இடுக்கைப் பாருங்க, வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கும், எறும்பு தான் அதைத் தூக்கிட்டு வந்து வளக்கும். காது குடையிற பஞ்சுக் குச்சியை சானிடைசர் ஸ்பிரிட்ல நனைச்சு ஒவ்வொண்ணாத் தொட்டு எடுக்கணும், சாயங்காலம் பண்ணுங்க, வெயில்ல பண்ணா இலை வெந்துரும். வேப்பெண்ணெய் அடிச்சா அன்னைக்கும் மறுநாளும் செடி நிழல்ல இருக்கணும். இந்தப் பூச்சியோட சொந்தக்காரி ஒருத்திக்கு நம்ம மெட்ராஸ்ல பெரிய கதை இருக்கு. 18ஆம் நூற்றாண்டு கடைசியில கம்பெனி டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார், அதுல காக்கினீல் பூச்சி வளத்து சிவப்புச் சாயம் எடுக்க. 1795-ல வந்து சேந்தது மட்டமான சாயம் குடுக்கற வேற ரகம், சாயத் தொழில் எடுபடல, ஆனா அந்தப் பூச்சி காடாப் படர்ந்து கெடந்த ஒரு ரக சப்பாத்திக்கள்ளியைத் தின்னே அழிச்சிருச்சு. வேற ரகக் கள்ளி மறுபடி படர்ந்து, 1926-ல அதுக்குன்னு இன்னொரு காக்கினீல் பூச்சியைக் கொண்டு வந்து விட்டாங்க. எங்க அத்தையோட அம்மா காலத்துல வேலியெல்லாம் சப்பாத்திக்கள்ளியாம், பழம் தின்னா நாக்கு வாயெல்லாம் சிவந்துருமாம். அத்தை சொல்லிக் கேட்டது இது.

அத்தை ஊர் வேலியில இப்பவும் சதுரக்கள்ளி நிக்குது, பக்கத்துல பாறை இடுக்குல கள்ளிமுளையான். சின்னப் பிள்ளையில ஒடிச்சு உப்பு தொட்டுத் தின்னுவோம்னு சொல்வாங்க. போன தை மாசம் ஒரு கொத்து எடுத்துட்டு வந்து தொட்டியில வச்சோம், எடுத்ததும் 5 நாள் திண்ணையில காயப்போட்டு அப்புறம் தான் நட்டேன். இங்க தையும் மாசியும் தான் நடறதுக்கும் மாத்தி வைக்கறதுக்கும் நல்ல நேரம், மழை முடிஞ்சிருக்கும், ராத்திரி இன்னும் குளிரா இருக்கும், வேர் பிடிச்சு நின்னுரும் கோடை வர்றதுக்குள்ள. அது ஆவணியில பூத்துச்சு, நுனி விரல் அகலத்துல ஓரமெல்லாம் முடி வச்ச கறுஞ்சிவப்புப் பூ, பக்கத்துல போனா லேசா கெட்ட வாடை, ஈ வந்து உக்காரும். ஈ தான் அதுக்கு மகரந்தம் சேக்கணும். "எங்க ஊர்ல யாரும் இதைப் பூன்னு பாத்ததில்லம்மா"ன்னாங்க அத்தை, குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

மழைக்கு இப்ப ஒரு ஏற்பாடு வச்சிருக்கேன். பச்சை வலைக்கு மேல சாய்வா ஒரு இரும்புச் சட்டம், அதுல தடிமனான வெள்ளை பாலித்தீன் ஷீட்டு சுருட்டிக் கட்டியிருக்கேன், மேகம் கறுத்தா இழுத்து விட்டுரலாம், பக்கவாட்டுல திறந்தே இருக்கும், காத்து போகணும், நாலு பக்கமும் மூடினா உள்ள வெந்து போகும். மழை முடிஞ்ச அரை மணி நேரத்துல சுருட்டிரணும். கோடை மழைக்கும் இதே தான், இப்பல்லாம் சித்திரை, வைகாசியில இடி கேட்டா நான் நனைய ஓடறதுக்கு முன்னாடி ஷீட்டைத் தான் இழுக்கறேன், அப்புறம் தான் நனையறது.

அந்த 11-ல இருந்து ஒரே ஒரு இலை தப்பிச்சுச்சு. அழுகுன தலையில மேல இருந்த ஒரு இலை மட்டும் சுத்தமா இருந்துச்சு, அதைக் கிள்ளி ஒரு வாரம் அஞ்சறைப்பெட்டி மூடி மேல காயவச்சு, செங்கல் சில்லு மேல சும்மா வச்சேன். 20 நாள்ல இளஞ்சிவப்பா வேர் விட்டுச்சு, ஒன்றரை மாசத்துல கடுகு அளவுல இலை. மாடியில வைக்கல, கிணத்தடியில அந்த 28 டிகிரி இடத்துல ஒரு மண்தொட்டியில வச்சேன், காலை வெயில் 9 மணி வரைக்கும் தான் அங்க விழும். தங்கச்சி பெங்களூர்ல இருந்து வீடியோ கால்ல அவ செடியைக் காட்டுவா, தட்டு அகலம், நாலு பூந்தண்டு.

இது என் குட்டிக்கு 3-வது மே. அஞ்சு ரூபா காசு அகலம் தான் இருக்கு. அடி இலை ரெண்டு காஞ்சு பேப்பர் மாதிரி ஆகிருச்சு, அது சரி தான், மேல இருக்கறதைக் காப்பாத்த கீழ இருக்கறதைக் குடிச்சுக்குது. நடு மொட்டு இறுக்கமா மூடியிருக்கு. நேத்து ராத்திரி 9 மணிக்கு ஏசி தண்ணியில ஒரு ஸ்பூன் ஓரமா விட்டேன். தெர்மாமீட்டரை அத்தை தான் பாத்துச் சொன்னாங்க, 27.